நாத்தனாருக்குக் கொடுத்த முகம்

சோவேரிஸ் போன குளிர்காலத்தில் இறந்தாள். முகத்தின் மேல் படம் எதுவும் வைக்காமல், வெறும் துணியைச் சுற்றித்தான் அவளை அடக்கம் செய்தோம். தேனீ வளர்த்து நன்றாகவே வாழ்ந்தவள் அவள். ஒரு படத்துக்கு வழியில்லாதவள் அல்ல. அதனால் ஊரில் பேச்சு வந்தது. கஞ்சப்பிசினாரி என்றார்கள். அவள் தம்பி குடும்பம் செலவை மிச்சம் பிடித்துவிட்டது என்றும் சொன்னார்கள். இரண்டும் பொய். நடந்தது எனக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், மீதிப் பேருக்கு நான் பயப்பட வேண்டியதில்லை.

என் பெயர் ஹெராயிஸ். என் வேலை நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது. இளவயதில் அர்சினோயே நகரத்தில் ஒரு வைத்தியர் வீட்டில் சேர்ந்து, கட்டுப் போடுவது, கஞ்சி புகட்டுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் கற்றுக்கொண்டேன். பிறகு தெப்துனிஸுக்கே திரும்பி வந்துவிட்டேன். இந்த ஊரில் பாதிப் பேரை வெளியே இழுத்தவள் நான். இன்னொரு பாதிப் பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன்.

சோவேரிஸ் பக்கத்து ஊர்த் தேனீக்காரரின் மகள். எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த குரோனியோனுக்கு மனைவியாக இங்கே வந்தாள். எலும்பு கனத்த பெண். வேகமாக நடப்பாள், சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு. சிறு வயதில் தேன்கூட்டுப் பானை விழுந்து பட்ட காயம் அது.

கல்யாணத்தின்போது அவள் அப்பா ஒரு காரியம் செய்தார். நகரத்திலிருந்து படம் வரைகிற ஆளைக் கூட்டிவந்து, தன் கூடுகளின் மெழுகையே கொடுத்து, மகளின் முகத்தை வரையச் சொன்னார். வரைந்தவன் நேர்மையானவன். மெழுகைச் சுடவைத்து நிறத்தைக் குழைத்து, சூட்டுக்கோலால் இழுத்து இழுத்து, கழுத்து மாலை, புருவத் தழும்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற அந்த வாய் எல்லாவற்றையும் மெல்லிய மரப்பலகையில் கொண்டுவந்துவிட்டான். அந்தப் பலகையைச் சட்டம் போட்டு, கணவன் வீட்டு உள்கூடத்தில் மாட்டினார்கள்.

வசதி இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் செய்வார்கள். உயிரோடு இருக்கும்வரை படம் சுவரில் இருக்கும். இறந்தபின் பலகையை அளவுக்கு வெட்டி, கெடாமல் உப்பிட்டுப் பாடம் செய்த உடலின் முகத்தின் மேல் வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். முகம் இல்லாமல் போகிற ஆளை மறுவுலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள் என்பது நம்பிக்கை. எனக்கு அதில் பாதி நம்பிக்கை உண்டு, பாதி இல்லை. சோவேரிஸுக்கு முழு நம்பிக்கை. அதற்குக் காரணமும் இருந்தது. அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது குழந்தையைத் துணியில் சுற்றி நான் வெளியே எடுத்துப் போனபோது அவள் சொன்னாள்:

"பேர் சொல்ல இனிமே பிள்ளை இல்லக்கா. அந்தப் படமாவது என் பேரைச் சொல்லட்டும்."

அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். வெயில் மாதங்களில் மெழுகு லேசாக இளகும். அந்த நேரத்தில் தூசி பட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு பிறகு போகவே போகாது. அதனால் மணல் காற்று அடிக்கும் காலத்தில் படத்துக்குத் துணித்திரை போட்டுவிடுவாள். அதன் கீழே விளக்கு வைக்க விடமாட்டாள். குளிர்காலத்தில் மெழுகின் மேல் வெள்ளையாகப் பூத்தால் உள்ளங்கையின் சூட்டில் மெல்லிய துணியை வைத்து எடுப்பாள். ஈரம் பட விடமாட்டாள்.

மாமியார் தௌபாஸ்திஸுக்கு இது பிடிக்காது. "கோயில்ல சாமியா வெச்சுக் கும்பிடுற முதலைக்குக்கூட இவ்வளவு பணிவிடை நடக்கல. திரை என்ன, துடைப்பு என்ன! ராணியம்மா உள்ள தூங்குறாங்களா?" என்பாள்.

தௌபாஸ்திஸின் கோபம் படத்தின் மேல் மட்டும் இல்லை. மகள் தீதிமேயையே மகன் குரோனியோனுக்குக் கட்டிவைக்க வேண்டும், செக்கும் நிலமும் இரண்டாகப் பிரியக் கூடாது என்பது அவள் கணக்கு. அண்ணனுக்கே தங்கையைக் கட்டிவைக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் அவள் கணவர் ஒத்துக்கொள்ளாமல் தேனீக்காரரின் மகளைக் கொண்டுவந்துவிட்டார். தீதிமே கல்யாணம் ஆகாமலே அந்த வீட்டில் தங்கிவிட்டாள்.

தீதிமேவுக்கு இதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "அவன் குறட்டைய ஒரு சுவர் தாண்டிக் கேட்டாலே தலைவலி வருது. பக்கத்துல படுக்க அண்ணி வந்தாங்களே, அவங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்பாள். சோம்பேறி, ஆனால் வாய் இனிக்கப் பேசுவாள். தறியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். அண்ணியின் படத்தின் கீழே நின்றுகொண்டு, "மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லி அந்த ஆளுக்குத் தேன்பானை ஏதும் குடுத்தீங்களா அண்ணி?" என்று கேட்பாள். சோவேரிஸ் கரண்டியைத் தூக்குவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். உனக்கும் ஒரு படம் வரைந்து வைக்கலாம் என்று அண்ணன் ஒருமுறை சொன்னபோது, "நாள் முழுக்க ஆடாம உட்காரணுமாமே? நான் தூங்கிடுவேன். தூங்குமூஞ்சியா வரைஞ்சு வெச்சுடுவான்" என்று மறுத்துவிட்டாள்.

ஒரு வருஷம் ஆற்று வெள்ளம் வடிந்ததும் ஊரில் காய்ச்சல் பரவியது. அந்த வீட்டில் அண்ணி ஓர் அறை, நாத்தனார் ஓர் அறை என்று இரண்டு பேரும் படுத்துவிட்டார்கள். குரோனியோன் என்னைக் கூப்பிட்டான். நான் போய் முதலில் இருவரின் கூந்தலையும் ஒட்ட வெட்டினேன். காய்ச்சல்காரிக்குக் கூந்தல் பாரம்தான். காடியில் நனைத்த துணி, பார்லிக் கஞ்சித் தண்ணீர், தேன், இவ்வளவுதான் வைத்தியம். மீதியை உடம்பு செய்ய வேண்டும்.

தீதிமேயின் உடம்பு செய்யவில்லை. ஒரு நாள் காலையில் இறந்துபோனாள். அப்போது சோவேரிஸ் நினைவில்லாமல் கிடந்தாள். நாடி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

"இவளாவது...?" என்று வாசலில் நின்றபடி கேட்டான் குரோனியோன்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. உள்ள வந்து காலைப் பிடிங்க, புரட்டிப் போடணும்" என்றேன்.

அன்று பகலில் தீதிமேயைப் பாடம் செய்கிறவர்களிடம் தூக்கிப் போகிறபோது, அவன் கூடத்துச் சுவரிலிருந்து சோவேரிஸின் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றுவதைப் பார்த்தேன்.

"அது எங்க போகுது?"

"மெழுகு பூத்துப்போயிருக்கு. சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொல்லணும்."

"தங்கச்சியைத் தூக்குற அன்னைக்கா?"

அவன் துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டு வெளியே போனான். மனைவியும் பிழைக்கமாட்டாள் என்று நினைத்து முன்கூட்டியே பலகையை வெட்டிவைக்கக் கொண்டு போகிறான் என்று எண்ணிக்கொண்டேன். அதில் எனக்குக் கோபம் வரவில்லை. காரியக்காரக் குடும்பங்களில் அப்படிச் செய்வதுண்டு. கோபப்பட்டு நிற்க எனக்கு நேரமும் இல்லை.

சோவேரிஸ் பிழைத்துவிட்டாள். கண்ணைத் திறந்து முதலில் கேட்டது உப்புமீன். குடுக்கமாட்டேன் என்றேன். "அப்போ சாகடிச்சிருக்கலாமே" என்றாள். சரி, தேறிவிடுவாள் என்று தெரிந்தது. நாத்தனார் போன செய்தியை நான்தான் சொன்னேன். இரண்டு நாள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்து அழுதாள். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாள்.

எழுந்து கூடத்துக்கு நடந்து வந்தவள், சுவரில் படம் இருந்த இடத்தில் வெளுத்த கட்டம் ஒன்று இருப்பதைப் பார்த்தாள்.

"கழுவக் குடுத்திருக்கு" என்றான் குரோனியோன்.

"மெழுகை எவனாவது கழுவுவானா?" என்று சிரித்தாள் அவள். "உங்களுக்கு எண்ணெயைத் தவிர ஒண்ணும் தெரியல. யார்கிட்ட குடுத்தீங்க?"

"பனேசிஸ்கிட்ட. வந்துடும்."

பனேசிஸ்தான் எங்கள் ஊரில் உடல்களைப் பாடம் செய்கிறவன். நாட்கள் போயின, படம் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் 'வந்துடும்' என்ற பதில்தான் வந்தது. கடைசியில் ஒரு நாள், "அக்கா, என் கூட வர்றியா? தீதிமேயையும் ஒரு தடவ பாத்துட்டு, படத்தையும் வாங்கிட்டு வந்துடலாம்" என்று என்னைக் கூப்பிட்டாள். தலைமுடி அப்போதுதான் விரல் கனத்துக்கு முளைத்திருந்தது. அதைத் துணியால் மூடிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பழைய சோவேரிஸில் பாதிதான் இருந்தாள்.

பாடம் செய்கிற கொட்டகை ஊருக்கு வெளியே, வயல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. காற்று எங்கள் பக்கம் அடிக்காத நாளாகப் பார்த்துத்தான் போனோம். பனேசிஸ் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னை நன்றாகத் தெரியும். எங்கள் இருவருக்கும் வாடிக்கையாளர்கள் ஒன்றுதான்.

"வா ஹெராயிஸ். யாரையும் கையோட கொண்டு வரலையே? இருக்கிறதுக்கே இடமில்லம்மா இந்த வருஷம்."

"இவங்க குரோனியோன் வீட்டம்மா. நாத்தனாரைப் பாக்க வந்திருக்காங்க" என்றேன்.

"வாங்க தாயி. நல்ல நேரத்துல வந்தீங்க. உப்புல இருந்து எடுத்து, கட்டு போட ஆரம்பிச்சாச்சு. உங்க நாத்தனார் முகத்தைப் பாருங்களேன். இந்த வருஷம் இவ்வளவு அழகா ஒண்ணு என் கைக்கு வரல."

உள்ளே கூட்டிப் போனான். மேடையில் துணி சுற்றிய உடல் ஒன்று படுத்திருந்தது. முகத்தின் இடத்தில் பலகை. மேல் மூலைகள் இரண்டும் வெட்டப்பட்டு, கட்டுத்துணி சுற்றிலும் ஒரு சுற்று வந்திருந்தது. துணிக்குள்ளிருந்து, புருவத் தழும்போடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, சோவேரிஸ் எங்களைப் பார்த்தாள்.

 பக்கத்தில் நின்றவள் விழுந்துவிடுவாள் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழவில்லை.

"இது யாரு?" என்றாள்.

"என்ன தாயி, இது உங்க நாத்தனார்தானே? கொஞ்ச வயசுல வரைஞ்சதுன்னு அண்ணன்காரர் சொன்னாரு. ஆளைப் பாடம் பண்ணும்போது முகத்தை நான் பாத்தேன், அவ்வளவு ஒத்து வரல. ஆனா காய்ச்சல்ல செத்தவங்க முகத்தை வெச்சு என்னத்தைச் சொல்ல முடியும்?"

சோவேரிஸ் தலைத்துணியை நெற்றிக்கு மேலே தள்ளினாள். குனிந்து தன் புருவத்தைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். பனேசிஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாயில் இருந்த வெங்காயத்தை மெல்ல மறந்துவிட்டான்.

"அடக் கடவுளே" என்றான்.

"இதை எடுக்க முடியுமா?"

"இப்ப முடியும். ஒரு சுத்துதான் வந்திருக்கு, குங்கிலியம் உருக்கி இன்னும் ஊத்தல. ஆனா குடுத்தவரு சொல்லணும் தாயி. நானா எடுத்தேன்னா நாளைக்கு இந்த ஊருல எவன் என்கிட்ட பொணத்தைக் குடுப்பான்? குரோனியோன் ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே எடுத்துத் தர்றேன். வெட்டின மூலையை மட்டும் என்னால ஒட்ட முடியாது."

 திரும்பி வரும் வழியில் அவளை வாய்க்கால் கரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குரோனியோன் முன்னால் போய் நின்றாள். மாமியார் கூடத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பனேசிஸ்கிட்ட போயிட்டு வந்தேன்."

அவன் முகம் வெளுத்தது. "சோவேரிஸ், நீ அப்ப மூச்சுப் பேச்சில்லாம கிடந்த. நீயும் போயிடுவேன்னுதான் எல்லாரும் நினைச்சோம்."

"சரி, நினைச்சீங்க. அது தப்பில்ல. நானே அப்படித்தான் நினைச்சேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் போயிருந்தா என் முகத்துல எதை வெச்சிருப்பீங்க?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

மாமியார்தான் பதில் சொன்னாள். முறத்தை நிறுத்தவில்லை. "துணி. ஊருல பாதிப் பேர் துணியோடதான் போறாங்க. அவ இந்த வீட்டுல பொறந்தவ. அவளை மூஞ்சியில்லாம அனுப்பச் சொல்றியா?"

"என்னை அனுப்பலாமா அத்தை?"

"உனக்குத்தான் பேர் சொல்ல ஆளே இல்லையே. படம் இருந்து என்ன, இல்லாட்டி என்ன?"

 குரோனியோன் எழுந்து சோவேரிஸின் கையைப் பிடித்தான். நல்ல மனிதன்தான் அவன். அடித்ததில்லை, குடித்ததில்லை. அவள் பிரசவத்தில் கிடந்தபோது வெளியே நின்று அழுதவன்.

"அம்மா பேச்சை விடு. நாளைக்குக் காலையில முதல் வேலையா போய் பனேசிஸ்கிட்ட சொல்றேன். படம் உனக்கு வந்துடும். என்னை நம்பு" என்றான்.

அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன். மறுநாள் அவன் கழுதையை ஓட்டிக்கொண்டு மணல்மேட்டுப் பக்கம் போனதை நானே பார்த்தேன். திரும்பி வந்து, "சொல்லிட்டேன். தங்கச்சிக்குன்னு ஒண்ணு வேற ஆளை வெச்சு வரையணும், அதுவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்னான்" என்றானாம். சோவேரிஸ் அன்று எனக்கு ஒரு பானைத் தேன் அனுப்பிவைத்தாள்.

எழுபது நாள் முடிந்து தீதிமேயின் உடல் வீட்டுக்கு வந்தது. உடனே அடக்கம் செய்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் இல்லை. அந்த வீட்டில் மரப்பெட்டியில் நிற்கவைத்து, கூடத்தில் சில மாதம் வைத்திருந்து, திருநாளுக்குத் திருநாள் முன்னால் பீர் ஊற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிடுவார்கள். அன்று உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். பெட்டியின் கதவைத் திறந்தார்கள்.

சோவேரிஸின் முகம்தான் உள்ளே இருந்தது.

அது மட்டும் இல்லை. உதட்டில் தங்க ரேக்கு ஒட்டியிருந்தது. காதில் தீதிமேயின் தொங்கட்டானைப் போலவே இரண்டு புதிதாக வரைந்திருந்தார்கள். கழுத்து மாலையில் பாதி துணிக்குள் போய்விட்டது. குங்கிலியம் ஓரங்களில் வழிந்து இறுகியிருந்தது. பிறகு பனேசிஸிடம் நான் கேட்டேன். குரோனியோன் அன்று வந்தது உண்மைதான், ஆனால் படத்தை எடுக்கச் சொல்ல வரவில்லை. தொங்கட்டானைச் சேர்க்கச் சொல்லத்தான் வந்திருக்கிறான். மனைவி ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று சொல்லியிருக்கிறான்.

சோவேரிஸ் கையில் பீர்க்குடத்தோடு பெட்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மருமகள்தான் ஊற்ற வேண்டும். அவள் குரோனியோனைத் தேடினாள். அவன் விருந்தாளிகளின் செருப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா பெட்டிக்கு முன்னால் வந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அப்படியே தீதிமேதான்! உயிரோட நிக்கிற மாதிரி இருக்கு. அந்தப் புருவத் தழும்பைக்கூட விடலையே பாவி!"

"தீதிமேவுக்கு ஏது தழும்பு?" என்றேன் நான்.

"உனக்கென்ன தெரியும்? சின்னப் புள்ளையில கதவுல இடிச்சுக்கிட்டா. நான்தான் பச்சிலை அரைச்சு வெச்சேன். இல்ல தௌபாஸ்திஸ்?"

தௌபாஸ்திஸ் மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா. கதவுலதான்" என்றாள்.

கட்டைமுடியும் ஒட்டிய கன்னமுமாக நின்ற மருமகளின் புருவத்தில் அதே தழும்பு இருப்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இருந்தால் வாயைத் திறக்கவில்லை. சோவேரிஸ் குடத்தைச் சாய்த்துப் பீரை ஊற்றினாள். கூப்பிட வேண்டிய பெயரைக் கூப்பிட்டாள். "தீதிமே" என்றபோது குரல் உடையவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் நிழலில் படுத்துவிட்ட நேரத்தில், நான் என் துணிமூட்டையை எடுக்கக் கூடத்துக்குப் போனேன். சோவேரிஸ் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் மீன் அரிகிற கத்தி.

நான் கத்தியைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால்தான் விபரீதம் வரும் என்று இத்தனை வருஷத்தில் கற்றிருக்கிறேன். பக்கத்தில் போய் நின்றேன்.

"வெட்டினா வருமா அக்கா?"

"துணி வரும். குங்கிலியம் பலகையோட ஒட்டிப்போச்சு. நெம்பினா பலகை ரெண்டா பிளக்கும். மெழுகு உதிரும்."

"உதிர்ந்தா உதிரட்டும்."

"சரி. அது உன் இஷ்டம். நீ பொணத்தைக் கீறிட்டேன்னு வழக்கு வந்தா நான் உன் பக்கம் பேசுவேன். ஆனா இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வெட்டு."

அவள் விரலால் பலகையின் ஓரத்தைத் தொட்டாள். வெட்டுப்பட்ட மூலையைத் தொட்டாள். பாதியில் நின்ற மாலையைத் தொட்டாள். பிறகு உதட்டில் இருந்த ரேக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். தங்கம் நகத்தோடு வந்தது, அதன் கீழே இருந்த சிவப்பும் சேர்ந்தே வந்துவிட்டது. நகத்தை உடுப்பில் துடைத்தாள்.

"வாய் அவளோட பொன்னு, காது அவளோட தோடு, பேரும் அவளோடது" என்றாள். "வெட்டி எடுத்தா யாரு வருவா? நான் வரமாட்டேன்."

பிறகு பெட்டிக்குள் இருந்தவளிடம் பேசினாள். "உன் மேல கோபமில்லடி தீதிமே. உன்னைக் கேட்டிருந்தா, 'அண்ணி மூக்கு எனக்கு வேணாம்'னு சொல்லியிருப்ப."

கத்தியைச் சமையல் கட்டில் கழுவி வைத்தாள். மீன் வாடையோடு விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. இரண்டு உடுப்பை மூட்டை கட்டினாள். வாசலில் படுத்திருந்த குரோனியோனைத் தாண்டி வெளியே வந்தாள். அவன் கண்ணைத் திறந்து, "எங்க போற? வெயில் தாழட்டுமே" என்றான். அவள் நிற்கவில்லை. பக்கத்து ஊரில் இருந்த தம்பி வீட்டுக்கு அவளை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. இன்னும் முழுதாகத் தேறாத உடம்பு.

குரோனியோன் ஆள் அனுப்பினான். பிறகு தானே வந்தான். அவள் வெளியே வரவில்லை. தம்பியிடம் பழத்தையும் மீனையும் கொடுத்துவிட்டுப் போனான். சில மாதம் கழித்துத் தீதிமேயை அடக்கம் செய்தார்கள். மணல்மேட்டில் குழி தோண்டி, அந்தக் குடும்பத்தார் கிடக்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மூடினார்கள். சோவேரிஸ் போகவில்லை. கூட்டில் புகை போட்டுக்கொண்டிருந்தாள். 'இந்நேரம் என்னை இறக்கியிருப்பாங்க' என்று மட்டும் சொன்னதாகத் தம்பி மனைவி சொன்னாள்.

அதற்குப் பிறகு குரோனியோன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். தம்பி மனைவிக்கு வலி எடுக்கும் நாள். கழுதையை மரத்தில் கட்டிவிட்டு வந்து நின்றான். நரைத்துப்போயிருந்தான். இந்தத் தடவை சோவேரிஸ் வெளியே வந்து, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே கூடத்துல அது இல்ல. நீ வீட்டுக்கு வா" என்றான்.

அவள் போய்க் கழுதைக்கும் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள்.

"தப்புதான். உன்கிட்ட பொய் சொன்னது தப்புதான். அம்மா அழுதா. தங்கச்சி மூஞ்சியில்லாம போறதை என்னால நினைச்சுப் பாக்க முடியல. அதுக்கு ஈடு செய்யறேன், கேளு. நகரத்துல இருந்து நல்ல ஆளாக் கூட்டியாறேன். உன்னைப் புதுசா வரையச் சொல்றேன். முன்னதைவிடப் பெருசா, கழுத்துல தங்க ரேக்கு வெச்சு. கூடத்துல அதே இடத்துல மாட்டுவோம்."

"யாருக்கு?" என்றாள் சோவேரிஸ்.

"என்ன?"

"யாருக்குன்னு கேட்டேன். உங்கம்மாவுக்கும் படம் இல்ல, வயசாயிடுச்சு. என்னை வரைஞ்சு சுவத்துல மாட்டுவ. நாளைக்கு அந்தக் கிழவி போனா, அவ மூஞ்சியில்லாம போறதை உன்னால நினைச்சுப் பாக்க முடியுமா?"

அத்தனை வருஷம் நீங்க, வாங்க என்று பேசிய மனிதனிடம் அன்று அப்படிப் பேசினாள். இல்லை, சத்தியமாக மாட்டேன், உனக்குத்தான் என்று அவன் சொல்லியிருக்கலாம். அவன் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எண்ணம் அவனுக்கு ஏற்கெனவே வந்திருந்ததா, அப்போதுதான் வந்ததா, எனக்குத் தெரியாது. தண்ணீரைக் குடித்து முடித்தான். குவளையைத் திருப்பிக் கொடுத்தான். கழுதையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே வலிக்காரி முனகினாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரியும். நான் சோவேரிஸிடம், "அவன் வேணாம், சரி. இங்க உன் கையில காசு இருக்கு. உன் தம்பி வீட்டுச் சுவத்துலயே நீயா ஒண்ணு வரையச் சொல்லி மாட்டிக்கலாமே? தம்பி நல்லவன். அவன் பொண்டாட்டியும் தங்கமானவ" என்றேன்.

அவள் கவிழ்ந்திருந்த தேன்பானை ஒன்றை நிமிர்த்திவைத்தாள்.

"நல்லவங்கதான் அக்கா" என்றாள். "குரோனியோனும் நல்லவன்தான்."